மூக்கு தாழ்ந்து நின்ற வண்டி

எங்கள் வீட்டில் பெட்ரோல் வாடையை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். அதை மற்றவர்கள் நம்ப ஏழு வாரம் ஆயிற்று.

1996 ஏப்ரல் மாதம். நான் ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். விடியற்காலை வாசல் தெளிக்கப் போன அம்மா, வாளியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

“ஏங்க, ஷெட்டுல பெட்ரோல் வாடை அடிக்குது.”

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கார் நிக்கிற இடத்துல பெட்ரோல் வாடை அடிக்காம பன்னீர் வாடையா அடிக்கும்?”

“நேத்து அடிக்கல. இன்னைக்கு அடிக்குது.”

“என் சட்டையில வர்ற மை வாடையா இருக்கும்.”

சிவகாசியில் பெரியப்பாவும் அப்பாவும் சேர்ந்து ஒரு சின்ன ஆப்செட் அச்சகம் வைத்திருந்தார்கள். தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி, வருஷக் கடைசியில் காலண்டர், டைரி. மெஷினில் ஒரு கலர் ஓடி முடிந்து அடுத்த கலருக்கு மாற்றும்போது ரோலர்களில் ஒட்டிய மையைக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் நனைத்த துணியால் துடைப்பார்கள். இருபது வருடம் அந்த அறையில் நின்ற அப்பாவுக்கு மூக்கு என்பது மூக்குக் கண்ணாடி உட்காரும் இடம், அவ்வளவுதான். சாம்பார் அடிப்பிடித்தால்கூடப் புகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

அம்மா வளர்ந்தது வேறு மாதிரி. அவளுடைய அண்ணன், எங்கள் பெரிய மாமா, ஒரு பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததிலிருந்து, இந்த ஊரில் பாதி வீடுகளுக்கு நெருப்புதான் சோறு. நெருப்புதான் பயமும். மருந்து அறைக்குள் இரும்புக் கருவி ஆகாது, பித்தளையோ மரமோதான். நைலான் சேலை கூடாது, பருத்திதான். மாமா வீட்டுக்கு வந்தாலும் அடுப்படி வாசலில் நின்று ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அம்மாவுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதையும் கண்ணால் பார்க்கும் முன்பு மூக்கால் பார்ப்பாள்.

ஆனாலும் அப்பா சொன்னதுதான் எடுபட்டது. கார் அவருடையது.

அது 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4. வெளிர் நீலம், ஸ்டியரிங்கிலேயே ஹேண்ட் கியர். 1992-ல் விருதுநகர் வக்கீல் ஒருவரிடமிருந்து அப்பா வாங்கினார். 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். டேங்க் பின்னால் டிக்கிக்கு அடியில், 54 லிட்டர் பிடிக்கும். பெட்ரோல் பம்பு முன்னால், இன்ஜினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பம்புக்குக் கரண்டு கிடையாது. கேம் ஷாஃப்ட் சுற்றச் சுற்ற ஒரு சின்னக் கை அமுங்கி எழும், அதோடு சேர்ந்து உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு டயாபிரம் மேலும் கீழும் போய்வரும். பத்தடி தூரத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சிக் கொண்டுவருவது அதன் வேலை. நாம் இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி.

ஷெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாத்தா வீடு கட்டியபோது தெருவைவிட வாசல் இரண்டு படி உயரமாக இருந்ததாம். அதற்குப் பிறகு பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுத் தார் போட்டு, நான் பிறந்தபோது தெரு வாசலுக்குச் சமமாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகும் வயதில் வீடு பள்ளத்தில் இருந்தது. அதனால் காரை ஷெட்டுக்குள் விட்டால் முன்பக்கம் கீழே இறங்கி, பின்பக்கம் தெருவை நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்கும். தண்ணீர் குடிக்கக் குனிந்த எருமை மாதிரி. இந்தச் சரிவு பின்னால் எங்களுக்குத் தேவைப்படும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மே மாதம் தென்காசியில் ஒரு கல்யாணம். அம்மாவின் சித்தப்பா மகள். அக்னி நட்சத்திர வெயில். ராஜபாளையம் தாண்டும் வரை வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. சிவகிரிக்கு அப்புறம் ரோடு நேராகக் கிடந்ததைப் பார்த்து அப்பா வேகத்தைக் கூட்டினார். எழுபதைத் தொட்டதும் இன்ஜின் ஒரு தடவை இருமியது. அப்புறம் திணறியது. வாசுதேவநல்லூரைத் தாண்டியதும் இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றேபோனது.

அப்பாவிடம் இதற்கு வைத்தியம் உண்டு. அந்தக் காலத்தில் அம்பாசடர் வைத்திருந்த எல்லோரிடமும் உண்டு. பம்பு இருக்கும் பக்கம்தான் எக்ஸாஸ்ட் சூடும் இருக்கும். வெயில் காலத்தில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகிவிட்டால் பம்பு வெறும் ஆவியை அமுக்கிக்கொண்டு இருக்குமே தவிர பெட்ரோல் வராது. ஏர்லாக் என்பார்கள். அதற்குக் கூஜாத் தண்ணீரில் துண்டை நனைத்துப் பம்பின் மேல் போட வேண்டும். அப்பா பானெட்டைத் தூக்கினார், துண்டைப் போட்டார், உஸ்ஸென்று ஆவி எழும்பியது. புளியமரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்தோம். செல்ஃப் அடித்தார். வண்டி கிளம்பிற்று. “சொன்னேன்ல, ஏர்லாக்” என்று அப்பா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

பத்துக் கிலோமீட்டரில் மறுபடி நின்றது.

மூன்றாவது தடவை நின்ற இடத்தில் புளியங்குடி எலுமிச்சை மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஓரங்கட்டியது. டிரைவர் இறங்கி வந்து, டேங்க் மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னார். மூடியிலுள்ள காற்றோட்டத் துவாரம் அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராமல் போகும். திறந்தால் புஸ்ஸென்று காற்று உள்ளே போகும். திறந்தோம். சத்தம் இல்லை. அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். “டீசல் வண்டின்னா எங்கேயோ ஏர் இழுக்குதுன்னு சொல்லிருப்பேன் அண்ணாச்சி. இது பெட்ரோலாச்சே” என்று சொல்லி, எனக்கு இரண்டு எலுமிச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போனார். சரியான பதிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார் என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

நாங்கள் தென்காசி போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடித்துப் பந்தியில் இரண்டாவது பாயசம் போய்க்கொண்டிருந்தது. அம்மா அன்று அப்பாவிடம் பேசவில்லை. வரும்வழியெல்லாம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள்.

எங்கள் வண்டியைப் பார்ப்பவர் ரயில்வே கேட் அருகே பட்டறை வைத்திருந்த பாய். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று பெயர். அவர் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டையும் கண்டென்சரையும் மாற்றினார். ஐந்து நாள் நன்றாக ஓடியது. அடுத்து கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை ஊதித் துப்புரவு செய்தார். ஒரு வாரம் ஓடியது. மூன்றாவது தடவை பம்பைப் பிரித்து டயாபிரம் கிட் மாற்றினார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓடியது.

இடையில் அம்மா மூன்று நாலு முறை வாடையைப் பற்றிச் சொன்னாள். அப்பா குனிந்து பார்ப்பார். தரையில் ஈரம் இருக்காது. “பாரு, ஒரு சொட்டு இல்ல” என்பார். புரூஃப் பார்த்தே பழகிய மனிதர். தாளில் தெரியாத பிழை அவரைப் பொறுத்தவரை பிழையே இல்லை.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்த அப்பா வாசலிலேயே நின்றார். ஷெட்டை ஒட்டிய சுவரில் ஒரு விளக்கு மாடம் உண்டு. தாத்தா காலத்திலிருந்து அந்தி விளக்கு அங்கேதான். அன்று மாடம் இருட்டாக இருந்தது.

“மாடத்துல ஏன் விளக்கு இல்ல?”

“பெட்ரோல் பக்கத்துல விளக்கு வைக்க எங்கண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுக்கல.”

அம்மா அதை அடுப்பைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பாயைக் கூட்டிவந்தார்.

பாய் வழக்கம்போல் பானெட்டைத் திறக்கப் போனார். அம்மா நிலைப்படியில் நின்றபடி, “பாய், வண்டியைப் பாக்குறதுக்கு முன்னாடி நான் சொல்றதக் கேளுங்க” என்றாள்.

“சொல்லுங்கக்கா.”

“வாடை தினமும் வரல. இவுக பங்க்குல டேங்க் நிரப்பிட்டு வந்த மறுநாள் காலையில வரும். ரெண்டு நாள் இருக்கும். பெட்ரோல் குறையக் குறைய வாடையும் போயிரும். பெரியப்பா வீட்டு வாசல்ல நிறுத்தின அன்னைக்கு வரல. நம்ம ஷெட்டுக்குள்ள விட்டாத்தான் வருது.”

பாய் பானெட்டை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். காரின் முன்பக்கத்தைப் பார்த்தார், தூக்கிக்கொண்டு நின்ற பின்பக்கத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பக்கத்து வீட்டில் கொத்தனார்கள் மாடிக்கு மட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் டியூபைக் கையால் காட்டினார்.

“அண்ணாச்சி, கொத்தனார் டியூப்தான் இது. அந்த முனையைத் தூக்கினா இந்த முனையில தண்ணி ஏறும். டேங்க் நிரம்பி, வண்டி மூக்கு தாழ்ந்து நின்னா, பெட்ரோல் தானா முன்னால வந்து குழாயில நிக்கும். முன்னால ஏதோ ஒரு இடத்துல கீறல் இருக்கு. நிக்கும்போது வெளியே கசியும். ஓடும்போது பம்பு உறிஞ்சுதுல்ல, அப்ப வெளியே வராது. அதே கீறல் வழியா காத்து உள்ளே போகும்.” அப்புறம் அம்மாவின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “மூணு தடவை பில்லு போட்டேன். ஒரு தடவை உங்களைக் கேட்டிருக்கலாம்.”

அப்பா ஈரத் துண்டைப் பற்றிக் கேட்டார். போட்டதும் வண்டி கிளம்பியதே? பாய் சிரித்தார். பெட்ரோலோடு காற்றும் கலந்து வந்தாலும் மெதுவாக ஓட்டுகிற அளவுக்குப் போதும். வேகமாகப் போனால்தான் கார்புரேட்டர் கிண்ணம் வற்றிப் போகும். நிறுத்தி ஆறவிட்டு செல்ஃப் அடிக்கும்போது கிண்ணம் மறுபடி கொஞ்சம் நிரம்பும், பத்துக் கிலோமீட்டர் ஓடும். “துண்டு போடாம சும்மா உக்காந்திருந்தாலும் கிளம்பியிருக்கும் அண்ணாச்சி.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனை. டேங்க் நிறைய பெட்ரோல். கசிகிற இடத்தைக் கண்டுபிடிக்க வண்டிக்கு அடியில் தாள் விரிக்க வேண்டும் என்றார் பாய். எங்கள் வீட்டில் தாளுக்கா பஞ்சம்! அப்பா பரணிலிருந்து வேஸ்ட் ஷீட் ஒரு கட்டை இறக்கினார். காலண்டர் படம் ஓட்டும்போது நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராத தாள்கள். கட்டின் மேலே முருகன். சிவப்பு ஒரு நூல் விலகி, மயிலுக்கு இரண்டு கழுத்து.

அம்மா கையை நீட்டி மறித்தாள். “முருகன் மேல பெட்ரோல் சொட்டணுமா?”

“கவுத்துப் போட்டா வெள்ளைதானே.”

“கவுத்துப் போட்டா முருகன் மூஞ்சி தரையில.”

பாய் பேசாமல் நின்றார். இந்த வழக்கில் அவர் தலையிடுவதாக இல்லை. அப்பா மறுபடி பரணேறிக் கோடு போட்ட டைரித் தாள் எடுத்துவந்தார். நான்கு தாள்களை இன்ஜினிலிருந்து நடுக்கதவு வரை வரிசையாக விரித்தோம். எனக்கு டார்ச் பிடிக்கும் வேலை. அம்மா டார்ச்சை வாங்கிச் சுவிட்சைத் தெருவில் வைத்துப் போட்டுவிட்டுக் கொடுத்தாள். “உள்ள போய் ஆன் பண்ணாத, ஆஃப் பண்ணாத. பெட்ரோல் ஆவி காத்தை விடக் கனம், பள்ளத்துலதான் போய் உக்காரும்.”

நாற்பது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. நான் வயிற்றை அழுத்திக் குப்புறப் படுத்துக் கிடந்தேன். முதலில் தெரிந்தது வட்டம் அல்ல, ஒரு கடுகு. இரண்டாவது தாளில், கோடுகளுக்கு நடுவில். பார்க்கப் பார்க்கப் பத்துப் பைசா அளவு பெரிதாயிற்று. அப்புறம் நான் “பாய்!” என்று கத்துவதற்குள் காய்ந்து சுருங்கியது. அந்தக் காலப் பெட்ரோலில் சாயம் கலந்திருப்பார்கள். ஆவி போன பிறகு விளிம்பில் மட்டும் மங்கிய ஆரஞ்சு வளையம் மிஞ்சியது. தரை ஏன் எப்போதும் காய்ந்தே இருந்தது என்பது அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு சொட்டு விழுந்து அடுத்த சொட்டு சேர்வதற்குள் முதல் சொட்டு காற்றாகிவிடுகிறது. அம்மாவின் மூக்குக்கு வந்ததெல்லாம் அந்தக் காற்றுதான்.

வளையத்துக்கு நேர் மேலே இருந்தது ஒரு இணைப்பு. வண்டியின் அடியோடு ஓடிவரும் இரும்புக் குழாய் அங்கே முடிந்து, ரப்பர் ஓஸ் தொடங்கும். இன்ஜின் தன் ரப்பர் தாங்கிகள் மேல் ஆடிக்கொண்டே இருப்பதால் கடைசி ஒரு முழம் வளைந்துகொடுக்கிற ஓஸாகத்தான் இருக்க வேண்டும். ஓஸைப் பிடித்திருந்தது ஒரு திருகு கிளிப்.

பாய் அதோடு திருப்தியடையவில்லை. கொத்தனாரிடம் ஒரு சாண் டியூப் வாங்கி, ஓஸுக்கும் பம்புக்கும் நடுவில் சொருகினார். “இது பெட்ரோலுக்கு ஆகாது, ரெண்டு நாள்ல விறைச்சிரும். அஞ்சு நிமிசம் பாக்குறதுக்கு மட்டும்” என்றார். வண்டியைத் தெருவில் மட்டமாக நிறுத்தி, அப்பாவை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஆக்சிலேட்டரை மிதித்ததும் டியூபுக்குள் பெட்ரோலோடு குமிழ்கள் ஓடின. குண்டை உடைத்த கோலி சோடா மாதிரி வரிசை வரிசையாக. பாய் வண்டிக்கு அடியில் படுத்துக் கையை நீட்டி, கிளிப் அருகே ஓஸைக் கட்டைவிரலால் அழுத்தினார். குமிழ் நின்றது. இன்ஜின் சத்தம் ஒரு கட்டை மாறி, சீராகியது. விரலை எடுத்தார், குமிழ் ஓடியது. அழுத்தினார், நின்றது. நாலு தடவை இப்படிச் செய்தார். ஐந்தாவது தடவை எதற்கென்று தெரியவில்லை. மூன்று பில் போட்ட மனிதருக்குத் தன் கண்ணைத் தானே நம்ப அவ்வளவு தேவைப்பட்டது போலிருக்கிறது.

வேலையைத் தொடங்கும்போது அம்மா ஒன்றே ஒன்று சொன்னாள். பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றாமல் யாரும் அடியில் போகக் கூடாது. பாயின் பையன் காதுக்குப் பின்னால் சொருகியிருந்த பீடியைத் தெருமுனையில் போட்டுவிட்டு வரவேண்டியிருந்தது.

ஓஸைக் கழற்றினால் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும். வண்டி சமதரையில் நின்றாலும் நிறைந்த டேங்க். குழாய் வாயில் ஒட்டுத் துண்டு ஓஸை மாட்டி, அதன் மறுமுனையை அடைக்க வேண்டும். பாய் என்னிடம் பென்சில் கேட்டார். நான் ஓடிப்போய் என் பென்சிலைக் கொண்டுவந்தேன். “பட்டைப் பென்சில் வேண்டாம் பாப்பா, மூலையில கசியும். உருண்டைப் பென்சில் வேணும்.” உருண்டைப் பென்சில் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அப்பாவின் சட்டைப் பையில். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம், புரூஃப் திருத்துகிற பென்சில். அதை யாரும் தொடக்கூடாது. அப்பா எடுத்துக் கொடுத்தார். பாய் நீல முனையை ஓஸுக்குள் சொருகிக் கிளிப்பைப் போட்டார். சொட்டு நின்றது.

பழைய ஓஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் வளைத்துக் காட்டினார். வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. வளைத்ததும் அடிப்பக்கம் ஒரு வாய் திறந்தது. தலைமுடி அளவு பிளவு, கிளிப் உட்கார்ந்த இடத்திலேயே, அதன் விளிம்பு பதிந்த கோட்டோடு.

“யாரோ கிளிப்பை ரொம்ப இறுக்கியிருக்காங்க. ரப்பரை அறுத்துருச்சு. என் பட்டறையில யாரும் தொடல.”

யாரும் பதில் சொல்லவில்லை. 1994 மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு முழுக்க அப்பா வண்டிக்கு அடியில் படுத்து, கையில் கிடைத்த திருகையெல்லாம் “எதுக்கும் இருக்கட்டும்” என்று இன்னொரு சுற்றுச் சுற்றியது எனக்கு நினைவிருந்தது. அம்மாவுக்கும் நினைவிருந்திருக்கும். அவள் காப்பி போட உள்ளே போய்விட்டாள்.

இரும்புக் குழாயின் நுனியில் துருப்பொடி. சுரண்டி, உப்புத்தாள் போட்டு, விரலால் தடவி வழுவழுப்பு வரும்வரை தேய்த்தார். ஓட்டை இல்லை. கடையில் முதலில் கொடுத்த ஓஸை அவர் வாங்கவில்லை. வெட்டுமுகத்தைப் பார்த்து, “தண்ணி ஓஸு. உள்ள நூல் தெரியணும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, நடுவில் நூல் பின்னலோடு வந்த பெட்ரோல் ஓஸ் வாங்கினார். புது ஓஸைக் குழாயில் ஒரு அங்குலம் ஏற்றி, கிளிப்பைப் போட்டார். திருகும்போது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “பாரு பாப்பா. கிளிப்புக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் லேசாப் பிதுங்குது. அவ்வளவுதான். இதுக்கு மேல இறுக்கினா நமக்குத்தான் நிம்மதி, ஓஸுக்கு இல்ல.” அப்பா டார்ச்சைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தார்.

பாய் அன்று ஓஸுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். பென்சிலைத் துடைத்து அப்பாவிடம் நீட்டினார். அது தேய்ந்து தீரும்வரை அப்பா திருத்திய புரூஃபுகளில் பெட்ரோல் வாடை வந்ததாகப் பெரியப்பா சொல்வார். அப்பாவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அம்மாவிடம் அவர் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை. ஆனால் அதற்குப் பிறகு காலையில் வண்டி எடுக்கும் முன்பு, வானிலை கேட்பதுபோல், “இன்னைக்கு எப்படி?” என்று கேட்பார். அம்மா ஷெட்டுக்குள் எட்டி மூச்சை இழுத்துவிட்டு, “ஒண்ணுமில்ல, போங்க” என்பாள். 2012-ல் அவர் போகும்வரை அது நின்றதில்லை.

வண்டி நின்றது. விற்க மனம் வரவில்லை. மதுரையில் வேலை பார்க்கும் நான் மாதம் இருமுறை வந்து ஓட்டினேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ அலுவலகத்தில் எஃப்.சி. காட்டிப் புதுப்பித்தோம். 2014-ல் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பே நின்றுபோனது. உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டியிருந்தது.

2021-ல் இரண்டாவது அலையில் அம்மாவுக்குக் கொரோனா வந்தது. மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசனை போய்விட்டது. ஒரு வருடத்தில் மல்லிகையும் காப்பியும் பாதி திரும்பின. பால் பொங்கி வழிந்து கருகுவது திரும்பவில்லை. கேஸ் அடுப்பை மூடிவிட்டு மூன்று முறை திருகிப் பார்க்க ஆரம்பித்தாள். ஊதுபத்தி ஏற்றியதும் என்னை அழைத்து, “வருதா?” என்று கேட்பாள்.

2023 தீபாவளி முடிந்த வாரம் வந்திருந்தேன். டேங்கை நிரப்பி ஷெட்டுக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது. மாடத்தில் முந்தைய நாள் விளக்கின் திரி கருகிக் கிடந்தது.

“அம்மா, உனக்கு வாடை வரலையா?”

அவள் ஷெட்டு வாசலில் வந்து நின்றாள். முன்பு போலவே கண்ணை மூடி இழுத்தாள். மறுபடி இழுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துட்டு வாரேன். முதல்ல பேட்டரி வயரைக் கழட்டு” என்று உள்ளே போனாள்.

பாய் பட்டறையை மூடி வருடங்கள் ஆகிவிட்டன. போனில் கூப்பிட்டேன். “பாப்பா, இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் இருக்கு. பழைய ரப்பருக்கு ஆகாது. நூல் தெரிஞ்சாலும் பத்தாது” என்றார். அவர் சொன்னது சரிதான். 10 சதவீதம் கலப்பது 2022-லேயே வந்துவிட்டது, 20 சதவீதப் பெட்ரோலை 2023 பிப்ரவரியில் அறிமுகப்படுத்தினார்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து உப்பவைக்கும். வண்டி நின்று காயும்போது அதுவே வெடிக்கும். மதுரையில் தேடி, மேலே ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ என்று அச்சடித்த ஓஸ் வாங்கினேன். உட்புறம் எத்தனாலைத் தாங்கும் வேறு வகை ரப்பர். கிளிப்பும் விளிம்பு மடித்த வகை, ரப்பரை வெட்டாது.

அடுத்த ஞாயிறு நானே வண்டிக்கு அடியில் படுத்தேன். இந்தத் தடவை பிளவைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. தொட்டதும் ஓஸ் கையில் ஒட்டிக்கொண்டு கருப்பாகப் பிசுபிசுத்தது. குழாயை அடைக்க உருண்டைப் பென்சில் கிடைக்கவில்லை, போல்ட் ஒன்றைச் சொருகினேன். உப்புத்தாள், புது ஓஸ், கிளிப். இரண்டு பக்கமும் ரப்பர் லேசாகப் பிதுங்கியது. கை தானாக இன்னொரு அரைச் சுற்றுப் போகப் பார்த்தது. அப்பாவின் கை. நிறுத்திக்கொண்டேன்.

வண்டியை மூக்கு தாழ ஷெட்டுக்குள் விட்டோம். அம்மா பரணிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். சாமி படம் இல்லை. பழைய தீப்பெட்டி லேபிள், வரிசையாக ஐம்பது சேவல். விரித்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. தாளை உருவி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல், பழக்கத்தில் முகத்தருகே கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அப்புறம் என்னிடம் நீட்டினாள்.

முகர்ந்தேன். “மை வாடைதான்மா.”

“உங்கப்பா மாதிரியே சொல்ற” என்றாள்.

அன்று சாயங்காலம் மாடத்தில் விளக்கு வைக்கவில்லை. மறுநாள் காலையில் வாசல் தெளிக்கும் முன்பு என்னை எழுப்பி ஷெட்டுக்குள் அனுப்பினாள். நான் கண்ணை மூடி, இழுத்து, மறுபடி இழுத்து, “ஒண்ணுமில்ல” என்றேன். வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.